எஸ்தர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை

எஸ்தர் இறந்துவிட்ட செய்தி ஒரு புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. நான் வேலை பார்க்கும் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ்களை அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். போனில் கூப்பிட்டவர் ஊரப்பாக்கத்தில் இருக்கும் ஓர் அம்மா. அவருடைய மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது எஸ்தர்தான் வீட்டுக்குப் போய் பிசியோதெரபி கொடுத்தார். "எஸ்தர் மேடம் போயிட்டாங்களாம்" என்றார். உடனே என் வாயில் வந்தது இதுதான்:

"சைக்கிள்லயா? ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?"

"இல்லங்க, வீட்லதான். காலைல நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னாங்களாம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."

போனை வைத்த பிறகு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்பு அதே கேள்வியை என்னிடம் கேட்டவர்கள் யாரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது நானே அதைக் கேட்டுவிட்டேன், அதுவும் எஸ்தரைப் பற்றி.

எஸ்தர் வீடு தேடி வந்து எழுந்து நடக்க வைத்த நோயாளிகளின் குடும்பங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை மாடம்பாக்கத்தில் கூடுகிறோம். ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் பலருக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். அலங்காரமாக எழுத எனக்கு வராது, அதற்குத் தெம்பும் இல்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன பதினொரு மாதங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

என் கணவர் கருணாகரனுக்கு ஐம்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும் ஒரு சைக்கிள் வாங்கினார். கூடவே ஒரு ஹெல்மெட்டும் வாங்கி வந்தார். வெள்ளை நிறம், மேலே நீள நீளமாக ஓட்டைகள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தாடைப் பட்டையைச் சரிசெய்தார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பாதி தர்பூசணிய கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. சைக்கிளுக்குப் போய் யாராவது ஹெல்மெட் போடுவாங்களா? தெருவுல எல்லாரும் வேடிக்கை பார்ப்பாங்க" என்றேன். அவரும் சிரித்தார். கழற்றி அலமாரியின் மேல் வைத்தார். கீழ்வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்காரர் தனபால் அண்ணா மாடிப்படியில் நின்று, "இன்னா சார், சைக்கிளுக்குப் போயி ஹெல்மெட்டா? நம்ம இரும்புலியூர்ல எவன் போட்டுகினு போறான்?" என்று அவர் பங்குக்குக் கேலி செய்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் ஒரு நாய் குறுக்கே வந்திருக்கிறது. இவர் ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பியிருக்கிறார். சக்கரம் சரளைக் கல்லில் வழுக்கி, தலை நடைபாதையின் கல் விளிம்பில் மோதிவிட்டது. யாரும் இடிக்கவில்லை. குறை சொல்ல ஒரு லாரி கூட இல்லை. மண்டை ஓட்டைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தபோது வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சு ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே நின்று நின்று வந்தது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்கள், "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" இல்லை என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும். காரணம் தெரிந்துவிட்டது, இனி அது அவர்கள் வீட்டுக்கு வராது என்பது போன்ற நிம்மதி. தனபால் அண்ணாவும் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். "ஹெல்மெட்டு போட்டுகினு போயிருந்தா இவ்ளோ பேஜாரு இல்ல பாரும்மா" என்றார். அவர் சொன்ன கேலி அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்கு என்னுடையது ஞாபகம் இருந்தது.

அந்த வாரம்தான் எஸ்தர் வந்தார். கூடை வைத்த ஒரு பழைய லேடீஸ் சைக்கிளைக் கேட்டுக்குள் நிறுத்திவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே படியேறினார். என்னைவிட ஐந்து வயது சிறியவர். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று எதுவும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்தார். பிறகு என்னிடம், "சார் சாதாரணமா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார்?" என்று கேட்டார். அத்தனை நாளில் அவரைப் பற்றி, விபத்துக்கு முந்தைய அவரைப் பற்றி, ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. இடது பக்கம் என்றேன். சொன்னதும் சமையலறைக்குப் போய்விட்டேன்.

வாரத்துக்கு ஐந்து நாள் வந்தார். மாடம்பாக்கத்தில் அவர் வீடு. சேலையூர், கிழக்குத் தாம்பரம், இரும்புலியூர் என்று ஒரு நாளைக்கு ஏழு வீடு, எல்லாம் சைக்கிளில்தான். ஊரப்பாக்கத்துக்கு மட்டும் ரயிலில் போவார். ஸ்கூட்டர் வாங்கக் கூடாதா என்று ஒரு நாள் கேட்டேன். "கத்துக்கிட்டேன்க்கா. வண்டிதான் என்னை ஓட்டுது, நான் வண்டிய ஓட்டல" என்றார்.

இரண்டாவது மாதம், கணவர் பயிற்சி முடிந்து தூங்கிவிட்ட ஒரு நாள், எஸ்தர் கை கழுவிக்கொண்டிருந்தார். நான் துண்டைக் கொடுக்கும்போது சொல்லிவிட்டேன். ஹெல்மெட் வாங்கி வந்ததை, நான் சிரித்ததை, தர்பூசணி என்று சொன்னதை. அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம் கூட இல்லை. "நான் சிரிக்காம இருந்திருந்தா போட்டுட்டுப் போயிருப்பாரு" என்றேன்.

எல்லோரும் சொல்வதுபோல் "அப்படியெல்லாம் நினைக்காதீங்க" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை மடித்துக் கொடியில் போட்டார்.

"போட்டிருக்கலாம்க்கா. போட்டிருந்தா அடி கம்மியாகியும் இருக்கலாம். இல்லன்னு நான் சொன்னா அது பொய். ஆனா ரெண்டு நாள் வேர்த்ததும் அவரே கழட்டி வெச்சிருக்கவும் கூடும். அதுவும் நமக்குத் தெரியாது. நாளைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வரேன். அவரைக் கட்டில்லேர்ந்து நிக்க வைக்கணும். நீங்க இடுப்பைப் புடிச்சுக்கணும், நல்லா சாப்ட்டுட்டு இருங்க."

அவ்வளவுதான். ஆறுதல் இல்லை. ஆனால் அன்று மதியம் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவரிடம் நான் ஒரு நாள் கத்தியும் இருக்கிறேன். ஜூன் மாத வெயில். எஸ்தர் வெறும் தலையோடு சைக்கிளில் வந்து இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எத்தனை மாதமாகப் பார்க்கிறேன், அன்றைக்குத்தான் அது தாங்கவில்லை. உள்ளே வந்ததும், "தினமும் இந்தத் தலையத்தானே பாத்துட்டுப் போறீங்க? உங்களுக்கே புத்தி வரலன்னா வேற யாருக்கு வரும்? நாளைலேர்ந்து இப்படி வெறுந்தலையோட என் வீட்டுக்கு வராதீங்க" என்று சத்தம் போட்டேன். கட்டிலில் இருந்தவர் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

எஸ்தர் கோபப்படவில்லை. "ஏழு வீடுக்கா. ஒவ்வொரு வீட்லயும் மாட்டி மாட்டிக் கழட்டணும். பேஷன்ட் கழுத்தைப் புடிச்சுக் குனிஞ்சா நெத்தி வேர்வை அவங்க முகத்துல சொட்டுது. இந்த ரோட்ல லாரி மேல ஏறினா அந்தத் தொப்பி என்ன பண்ணும் சொல்லுங்க?"

"கீழ விழுந்தா?"

கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "விழுந்தா பண்ணும்" என்றார்.

மறுநாள் ஒரு நீல ஹெல்மெட்டோடு வந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே, "அக்கா, உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும். உங்க தெரு முனைல நிறுத்தித்தான் இதைப் போடுறேன். போறப்ப அதே முனைல கழட்டிக் கூடைல வெச்சுடுறேன். ஏமாத்தறது நல்லா இல்ல" என்றார். கணவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சத்தமாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை. கோபப்பட நினைத்த எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு எஸ்தர் முழு வழியும் போட்டாரா என்று நான் கேட்கவில்லை. சில நாள் அவர் நெற்றியில் ஹெல்மெட் உள்பட்டையின் தடம் ஆழமாக இருக்கும். சில நாள் இருக்காது.

ஒன்பதாவது மாதத்தில் கணவர் கைத்தடியோடு நடந்தார். ஒரு நாள் பயிற்சியின்போது எஸ்தர், "அடுத்து என்ன பண்ணணும்னு ஆசை சார்?" என்று கேட்டார். அவர் யோசித்து, "சை... க்கிள்" என்றார். நான் உடனே முடியாது என்றேன். அந்தச் சைக்கிளைப் படிக்கட்டின் கீழ் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தேன். அன்றிலிருந்து வீட்டில் தினமும் இதே பேச்சு. அவர் ஒரு சொல்லைத்தான் சொல்வார். நான் நூறு சொல்வேன். இரண்டு பேருமே களைத்துப்போனோம்.

எஸ்தரைப் படிக்கட்டில் நிறுத்தி, நீங்களே அவரிடம் கூடாது என்று சொல்லுங்கள், உங்கள் பேச்சைக் கேட்பார் என்றேன்.

"சொல்ல மாட்டேன்க்கா. நடக்க வைக்கிறது என் வேலை. ஓட்டறதா வேணாமான்றதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்கணும். ஆனா அவர் தலைய நீங்க எடுத்து அலமாரில வெச்சுப் பூட்டிக்க முடியாது. ஒரு தடவை முயற்சி பண்ணட்டும். நான் கூட இருக்கேன்."

ஒரு சனிக்கிழமை காலை மாடம்பாக்கத்தில் அதிகம் வீடு வராத ஒரு மனைப்பிரிவுக்கு ஆட்டோவில் போனோம். சைக்கிளைத் தனபால் அண்ணா ஒரு குட்டி வேனில் ஏற்றி அனுப்பினார். வெள்ளை ஹெல்மெட்டை நானே அலமாரி மேலிருந்து எடுத்துத் துடைத்தேன். போட்டுப் பார்த்தால் பொருந்தவில்லை. ஆபரேஷன் செய்த இடத்தில் தழும்பு மேடு தட்டியிருந்தது, அங்கே அழுத்தியது. எஸ்தர் பின்னாலிருந்த திருகைத் தளர்த்தி, உள்ளே தன் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்து, "வலிக்குதா சார்? இப்ப?" என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். அந்த ஹெல்மெட்டைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருக்கையைத் தாழ்த்தி உட்கார வைத்தோம். எஸ்தர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மிதித்தார். எங்கள் கையை விட்டு முப்பதடி போனார். உண்மையிலேயே போனார். நிறுத்தும்போது வலது கால் கீழே இறங்கவில்லை. எஸ்தர் ஓடிப்போய்த் தாங்கினார், இரண்டு பேரும் மண்ணில் சாய்ந்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எஸ்தர் முழங்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கணவர் மண்ணில் உட்கார்ந்தபடியே ஹெல்மெட் பட்டையை இடது கையால் தானே கழற்றினார்.

"போதும்" என்றார். திணறாமல், ஒரே சொல்லாக.

நான் அழுதேன். மறுக்க வேண்டும் என்று இரண்டு வாரம் சண்டை போட்டிருந்தேன். நான் மறுக்காமலேயே முடிந்துவிட்டது. எஸ்தர் அவர் முதுகில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "முடிவு பண்ணிட்டீங்க சார். நல்லது. வாங்க, டீ குடிக்கலாம்" என்றார். அதன்பிறகு கணவர் சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை. அவர் மனதில் அது வருத்தமா நிம்மதியா என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து எஸ்தரும் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். இனி நான் தேவையில்லை, வேறு வீடுகள் காத்திருக்கின்றன என்றார். பண்டிகைக்குப் போன் செய்வார். நான்தான் பல தடவை எடுக்காமல் விட்டிருக்கிறேன். சமையல், அலுவலகம், மாத்திரை, ஓய்ச்சல் இல்லை. பிறகு கூப்பிடலாம் என்று நினைத்தேன்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டுக்கு முதல் தடவையாகப் போனேன். தெரு முழுக்கக் கைத்தடிகளும் சக்கர நாற்காலிகளும். எஸ்தரின் கணவரிடம் என் பெயரைச் சொன்னேன், அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இரும்புலியூர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹெல்மெட் அக்காவா? உங்களுக்குப் பயந்துதான் போடுறேன்னு சொல்லுவா. உங்களப் பத்தி நிறைய சொல்லுவா" என்றார். கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது, நகர்ந்துவிட்டேன்.

மறுநாள் காலை வழக்கம்போல் கணவருக்குக் கால் பயிற்சி. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வலது காலைப் பத்து தடவை நீட்டி மடக்க வேண்டும். ஆறுக்கு மேல் அவருக்கு எண்ணிக்கை தப்பிவிடும். அதனால் எஸ்தர்தான் எண்ணுவார், அவருக்குப் பிறகு நான். எஸ்தர் எண்ணுவதில் ஒரு திருட்டு உண்டு. ஒன்பதை இரண்டு தடவை சொல்லுவார், பதினொன்று செய்ய வைத்துவிடுவார். என்னிடம் மட்டும் கண்ணைச் சிமிட்டுவார். நானும் அப்படியே எண்ணிவந்தேன். அன்றும் "எட்டு, ஒன்பது, ஒன்பது" என்றேன்.

கணவர் காலை நீட்டியபடியே நிறுத்தினார். "ரெண்டு... ஒன்பது" என்றார்.

நான் எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

"மேடமும்... அப்படித்தான்" என்றார். "தெரியும்."

முதல் நாளிலிருந்தே தெரியுமா என்று கேட்டேன். தலையாட்டினார். தெரிந்தேதான் பதினொரு மாதமும் அந்த ஒன்றைக் கூடுதலாகச் செய்திருக்கிறார். எஸ்தருக்கு அது தெரியாமலே போய்விட்டது.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்த எண்ணிக்கை ஒன்றுதான். தினமும் காலை ஏழரை மணிக்கு, எத்தனை அலுப்பாக இருந்தாலும், அதை விடாமல் எண்ணுகிறேன். அவர் காலை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். நான் இரண்டாவது ஒன்பதைச் சொல்கிறேன்.