பன்னிரண்டு வண்டிக்கும் நாற்பத்துநாலு

1. யூனிபார்ம்

பொன்னேரியில் சைக்கிள் கடை நடத்தும் எனக்கு ரோடு பைக் ஃபிட்டிங்கில், அதாவது ரேஸ் சைக்கிளை ஓட்டுகிறவரின் உடம்புக்குப் பொருத்திக் கொடுக்கும் வேலையில், நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒரே ஹேண்டில்பாரால் வந்தன. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதை எழுதுகிறேன். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

தேர்வாய் கண்டிகைப் பக்கம் பேரிங் செய்யும் ஒரு தொழிற்சாலை, ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவதற்கென்று பன்னிரண்டு ரோடு பைக் வாங்கியது. வண்டிகளைக் கோர்த்துக் கொடுப்பதும் சர்வீஸ் செய்வதும் என் பொறுப்பு. ஃபிரேமை அவரவர் உயரம் பார்த்து வாங்கிவிட்டார்கள். ஹேண்டில்பாரை மட்டும் தொழிற்சாலையின் பெரிய சார் தானே தேர்ந்தெடுத்தார். நாற்பத்துநாலு சென்டிமீட்டர், பன்னிரண்டுக்கும் ஒரே அளவு. அந்த அகலத்தைப் பிடித்து அவர் எடுத்துக்கொண்ட போட்டோவில் மார்பு நன்றாக விரிந்து தெரிந்தது. காரணம் அதுதான், சத்தியமாக வேறில்லை.

பாரின் அகலம் ஓட்டுகிறவரின் தோள் எலும்புக்குப் பொருந்த வேண்டும், சட்டை மாதிரி ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லிப் பார்த்தேன். “மாஸ்டர், நம்ம பிளான்ட்ல எல்லாமே யூனிபார்ம்” என்றார். சட்டைகூட அங்கே மூன்று சைஸில்தான் கொடுக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. சர்வீஸ் கான்ட்ராக்ட் கை நழுவிவிடும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு பன்னிரண்டையும் மாட்டினேன். முதல் தப்பு என்னுடையது.

2. ஜெரினாவின் விரல்

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை ஜெரினா கடைக்கு வந்தார். பழவேற்காட்டுக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. மெஷினில் கடைந்து வரும் வளையத்தின் ஓரத்தில் விரல் நுனியை ஓட்டி, கண்ணுக்குத் தெரியாத பிசிறைக் கண்டுபிடிப்பது அவர் வேலை. ஒன்பது வருடமாக அதே நாற்காலி.

வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வண்டி ஓட்டினால் புதன்கிழமை வரை சரியாவதில்லையாம். போன மாதம் பிசிறுள்ள இரண்டு வளையங்கள் அவர் கையைத் தாண்டிப் போய்விட்டன. இன்னொன்று போனால் பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

வண்டியை விட்டுவிடலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“வாரத்துல அந்த மூணு மணி நேரந்தாண்ணா நான் யாருக்கும் நாஷ்டா பண்ணாம கீறேன். அத்தயும் வுட சொல்றியா?”

ஏறி உட்காரச் சொல்லிப் பார்த்தேன். கைகள் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து, உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கையின் ஓரத்தில் விழுந்தது. சுண்டு விரலுக்குப் போகும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. தோள் அளவு கேட்டபோது பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மாமியாரை விட்டுச் சுவரில் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லி, ஸ்டீல் ஸ்கேலால் அளந்துகொண்டு வந்திருந்தார். முந்நூற்று எழுபத்தாறு மில்லிமீட்டர். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவுக்காரர்கள் எதையும் சென்டிமீட்டரில் சொல்ல மாட்டார்கள்.

அவருக்குத் தேவை முப்பத்தெட்டு பார், முன்பக்கம் நீளாத வளைவு. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது, அரை மணி நேர வேலை. ஆனால் வண்டி கம்பெனி சொத்து. ஒவ்வொன்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது. பாகம் எதையாவது மாற்ற வேண்டுமென்றால் பெரிய சார் கையெழுத்துப் போட வேண்டும். ஜெரினா ஏற்கெனவே கேட்டிருந்தார். போகப் போகச் சரியாகிவிடும் என்பது பதில்.

3. என் கெட்டிக்காரத்தனம்

அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய சாரின் வண்டி சர்வீசுக்கு வந்தது. அவர் ஒல்லியான மனிதர். ஹேங்கரில் மாட்டின மாதிரிதான் அவர் மேல் சட்டை நிற்கும். அவருக்கே முப்பத்தெட்டுதான் என்று அளக்காமலே சொல்லிவிடலாம். எனக்குள் குறும்பு கிளம்பிவிட்டது. ஜெரினாவுக்கு எடுத்து வைத்திருந்த பாரை அவர் வண்டியில் மாட்டி, பிரேக் லீவர்களைக் கைக்கு வாகாக ஏற்றி வைத்து, மேலே கை வழுக்காமல் பிடிப்பதற்கான பார் டேப்பைப் புதிதாகச் சுற்றினேன். சுகம் கண்டபின் உண்மையைச் சொன்னால் பன்னிரண்டுக்கும் கையெழுத்து விழும் என்பது என் கணக்கு.

வண்டியை எடுக்க வந்தவர் சற்று உற்றுப் பார்த்தார். “கொஞ்சம் சின்னதா தெரியுதே?” என்றார்.

“புது டேப்பு தடிமன் சார். அதான் அப்டி தெரீது” என்றேன். என் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவரிடமிருந்து போன். பழவேற்காடு போய்த் திரும்பியும் கழுத்தில் வலி இல்லை, கையில் வலி இல்லை என்று மூச்சு விடாமல் சொன்னார். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அந்த டேப்பையே மீதிப் பதினோரு வண்டிக்கும் சுற்றிவிடு, ஆர்டர் அனுப்பியாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டார். நாற்பத்துநாலு பார் அப்படியே இருக்கும், டேப் மட்டும் மாறும். நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

அன்று மாலை ஷிஃப்ட் முடிந்து ஜெரினா வந்தார். டேப் மாற்றினால் உன் விரல் சரியாகிவிடும் என்று பெரிய சார் எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

“மெய்யாலுமே வந்துடுமாண்ணா?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“எனக்கு வெச்சிருந்த பார அவருக்கு மாட்டிட்டு, அளவயும் மறச்சிக்கினு கீற. எங்க லைன்ல இப்டி பண்ணா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. போயி சொல்லுண்ணா.”

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம், ஓட்டுகிறவருக்குத் தெரியாமல் அவர் பாரை மாற்றியது. அவசரத்தில் பழைய இடத்தில் பிரேக்கைத் தேடி அவர் கை தடுமாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை நான் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

4. வெள்ளைப் பலகை

மறுநாள் அவருடைய பழைய பாரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனேன். கேட்டில் செக்யூரிட்டி அதைப் பிரித்துப் பார்த்து, முறைத்துவிட்டு, ‘வளைந்த இரும்பு, ஒன்று’ என்று பாஸில் எழுதினார். அது அலுமினியம் என்று திருத்தும் தைரியம் அன்று எனக்கு இல்லை.

பெரிய சார் முழுவதையும் கேட்டார். முகம் சிவந்தது. என் தோள் நாற்பத்துநாலுதான் என்றார். அளந்து பார்த்துவிடலாம் சார் என்றேன். ஜெரினாவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் ஸ்கேலோடு வந்தார். பெரிய சார் வெள்ளைப் பலகையில் முதுகைச் சாய்த்து நின்றார், நான் மார்க்கரால் இரண்டு புள்ளி வைத்தேன், ஜெரினா அளந்தார்.

“முந்நூத்தி எண்பத்திரண்டு சார்.”

பெரிய சார் திரும்பிப் புள்ளிகளைத் தன் கையாலேயே அழித்தார். பிறகு, பன்னிரண்டு பேருக்கும் அளவெடுத்து அவரவர் பாரை மாட்டச் சொன்னார். ஜெரினாவுக்கு ஒரு மாதம் அவகாசம், அதன் பிறகு சூப்பர்வைசர் சோதிக்கட்டும் என்றும் சொன்னார். நான் கும்பிடு போட்டுக் கிளம்பினேன்.

“மாஸ்டர், நில்லுங்க. என்னோட நாப்பத்துநாலு சும்மாதானே இருக்கு? அத உங்க வண்டில மாட்டிக்கினு அடுத்த மாசம் எங்ககூட ஒரு ரைடு வாங்க” என்றார். தண்டனை என்று அவர் சொல்லவில்லை. நான் முப்பத்தாறு சைஸ் ஆள் என்பது மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

5. பழவேற்காட்டில் டீ

அடுத்த மாதம் ரைடு போன ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஏரிக்காற்றில் உல்லாசமாகப் போனார்கள். நான் மட்டும் கழுகு இறக்கை விரித்த மாதிரி பின்னால் வந்தேன். பாதி வழியிலேயே கை எரிந்தது, பிறகு எரிச்சலும் நின்றுவிட்டது. அது நல்லதுக்கு என்று நினைத்தேன். டீக்கடையில் கிளாசை வாங்கியபோது பாதி டீ என் சட்டையில்தான் இருந்தது. பெரிய சார் பார்க்காத மாதிரி பார்த்தார்.

ஜெரினா என் வண்டி அருகில் போய் நின்றார். சோதனையில் தேறி, நாற்காலி அவருக்கே என்று முந்தின நாள்தான் முடிவாகியிருந்தது. சும்மா பேசிக்கொண்டே பாரின் நடுப்பகுதியில், அதைப் பிடித்து நிறுத்தும் ஸ்டெம் ஓரமாக, டேப் இல்லாத இடத்தில் விரலை ஓட்டியவர் சட்டென்று நிறுத்தினார்.

“இங்க ஒரு பிசிறு கீதுண்ணா. ஸ்டெம் கழட்டும்போது கீறிட்ட போல.”

நான் போய் அதே இடத்தில் என் விரலை வைத்தேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

இப்போது ரோடு பைக்குக்கு பார் கேட்டு யார் வந்தாலும் தோளை அளப்பதற்கு முன்னால், கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன்.