மழைச் சத்தத்தோடு ஒரு குரல்

ராகலை பஜாரில் போட்டோ கொப்பி அடித்து, படிவம் நிரப்பிக் கொடுக்கிற சின்னக் கடை என்னுடையது. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு ஓட்டுகிறேன். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

தற்காலிகக் கோப்புகள் போய் விழ அதில் ஒரு மூலை உண்டு. ஸ்கேன் பண்ணியது, பாதி அடித்த கடிதம் எல்லாம் அங்கே சேர்ந்து மெசினுக்கு மூச்சு வாங்கும். மெசின் தொடங்கும்போது தானாக ஓடி, ஒரு வாரம் பழசானதை மட்டும் நீக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. ஒரு வாரம் எதற்கு? தொடங்கும் ஒவ்வொரு முறையும் அங்கே கிடக்கும் எல்லாவற்றையும் அழிக்கும்படி மாற்றினேன். மெசின் பறந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையை அக்காவிடம்தான் முதலில் அளந்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். சாமான் வாங்க வந்தால் கடையில் உட்காராமல் போகமாட்டாள். அவள் பேச்சைப் பத்திரப்படுத்த எனக்கு வெகுநாள் ஆசை. புது மைக்கை அவள் பக்கம் நீட்டினேன்.

"என்னத்தடா பேச? நாங்க முத்தல விட்டுட்டுக் கொழுந்த மட்டுந்தான் கிள்ளுறோம். ஒன் மெசினு எல்லாத்தையும் வழிச்சுத் தள்ளுதுங்கிற. நீ எங்க மலைக்கு வந்தா கங்காணி ஒரே நாள்ல வெரட்டிருவான்!"

அப்புறம் அந்தச் சிரிப்பு. தகரக் கூரையில் மழை வேறு. மழைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு ஒழுங்கான இடத்தில் சேமிக்கலாம் என்று பதிவை அந்த மூலையிலேயே விட்டுவைத்தேன். இரவு மெசினை நிறுத்தாமலே போனேன்; மறுநாள் காற்றுக்குக் கரண்ட் போனது. வந்ததும் மெசினைப் போட்டேன். பதிவின் நினைப்பே இல்லை.

அதே வாரம் கொழுந்து மலையில் குளவிக் கூடு கலைந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்னே அக்கா போய்விட்டாள்.

கொழும்பில் வேலை செய்யும் அவள் மகள் வந்து அழுதபோது, தேற்றத் தெரியாமல், "அம்மா குரல் எங்கிட்ட இருக்கும்மா, தாரேன்" என்றேன். காரியம் முடிந்த மறுநாள் காலையே கடைக்கு வந்துவிட்டாள்.

"அம்மாகிட்ட பட்டன் போன்தானே மாமா, நான் ஒண்ணும் பதிஞ்சு வைக்கல. ஒருதடவ போடுங்க."

மூலையைத் திறந்தேன். பதிவு இல்லை. வேறெங்கோ வைத்திருப்பேன் என்று மத்தியானம் வரை தேடினேன். அழிந்ததை மீட்கும் புரோகிராமும் ஓட்டினேன். அந்த இடத்தில் யார் யாருடைய அடையாள அட்டைப் படிவமோ ஏறி உட்கார்ந்திருந்தது. நானேதான் அழித்திருக்கிறேன் என்று சொன்னேன்.

அவள் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. "பரவால்ல மாமா. அம்மா என்ன சொன்னுச்சுன்னு நீங்க சொல்லுங்க."

சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

"சிரிச்சுச்சா?"

"சிரிச்சுச்சும்மா."

அதை மட்டும் என்னால் செய்து காட்ட முடியவில்லை.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து ஸ்கிரிப்டைத் திருத்தினேன். ஒரு மாதத்துக்குள் வந்ததைத் தொடாதே. ஏதாவது புரோகிராம் திறந்து வைத்திருப்பதைத் தொடாதே. அழிக்குமுன் பட்டியல் எழுது. பெரிய வித்தை ஒன்றுமில்லை, நாலைந்து வரிதான்.

சோதிக்க ஒரு கோப்பு வேண்டுமே என்று மைக்கை எடுத்தேன். கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது, அதையே பதிந்தேன். மெசினை நிறுத்தி மறுபடி போட்டேன்.

மூலையில் மழை அப்படியே இருந்தது.