கல்யாணத்துக்குப் பிறகும் ஓடிய படம்

அந்த இங்கிலீஷ் படத்தில் கல்யாணம் கடைசியில்தான் வருகிறது என்று என் மகள் அடித்துச் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் அருப்புக்கோட்டையில் பார்த்தபோது கல்யாணம் முதலில் வந்தது, சண்டை பிறகு வந்தது. அதுதான் சரியான படம் என்று யாரோடும் வாதாட நான் தயார்.

அப்போது எனக்கு எட்டு வயதிருக்கும். அப்பாவுக்குப் பஜாரில் பலசரக்குக் கடை. பரளச்சியில் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தை மாதம் தகரப் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். சித்திரை வந்தும் திரும்பிப் போகவில்லை. காரணம் ஒரு பாட்டு.

அத்தைக்குக் கையில் வேலை இருந்தால் வாயில் பாட்டு இருக்கும். எல்லாம் சொந்தச் சரக்கு. மாமா வீட்டுக் கொல்லைக் கிணறு பாதாளம், வாளியோ ஓட்டை. புது வாளி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள், தண்ணீர் இறைக்கும்போது பாடுவதற்கென்றே ஒன்று கட்டிவிட்டாள்.

ஓட்ட வாளி ஒழுகும் வாளி
ஊத்துத் தண்ணி தூரம்
ஏறி வந்து எட்டிப் பாத்தா
எங்கையிலதான் ஈரம்

ஒருநாள் மிளகாய் வத்தல் பிடிக்க வந்த வியாபாரிகள் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தப் பாட்டு கொல்லையிலிருந்து வந்துவிட்டது. ஒரு வாளி வாங்க வக்கில்லையா என்று அவர்கள் சிரித்தார்கள். மாமா அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குப் பார்த்துப் பேசினார். அத்தனை பேர் முன்னால், “வாய மூடுடி” என்றார். அத்தை வாயையும் மூடினாள், பெட்டியையும் மூடினாள்.

“அவுக வாயால பாடுன்னு சொல்லட்டும், வாரேன்” என்பது அவள் போட்ட நிபந்தனை.

மாமா ஒன்றிரண்டு தடவை வந்தார். கடை பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவோடு வத்தல் விலை பேசினார், கலர் குடித்தார், பஸ் ஏறிவிட்டார். வீட்டு வாசல் பக்கம்கூட வரவில்லை. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் பொறுமை இழந்துபோனார்கள். “வைகாசி பெறக்கட்டும், அத்து விட்ருவோம்” என்று பேச்சு வந்தது. நாலு பேர் முன்னால் உறவை முறித்து அவரவர் வழியில் அனுப்பிவிடுவதுதான் அது. கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்ட அத்தை அன்று முதல் எங்கள் வீட்டிலும் பாடவில்லை. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

அந்தச் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா, அத்தை, நான் மூவரும் மதியக் காட்சிக்குப் போனோம். கத்திச் சண்டைப் படம் என்று ஆசையாகப் போனால், மதுரையிலிருந்து படப்பெட்டி வந்து சேரவில்லை, பதிலுக்கு ஏதோ இங்கிலீஷ் படம் என்றார்கள். கூட்டம் முணுமுணுத்தது. தியேட்டர்காரர் வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். “சீமையில மேடை நாடகமா ஓடோ ஓடுன்னு ஓடி, பெறகு படமா எடுத்ததுங்க. எல்லாம் பாட்டுத்தான். போயிராதீக!”

நாடகம், அதிலும் பாட்டு என்றதும் ஜனம் சமாதானமாகி உள்ளே நுழைந்தது.

தரை டிக்கெட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் உண்டு. அந்தப் பக்கம் ‘ணங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எம்பிப் பார்த்தேன். மாமா ஒரு புது இரும்பு வாளியைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“அத்தே, மாமா!” என்றேன்.

“எந்த மாமா?” என்று கேட்டவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, தூண் மறைக்கிறது என்று சொல்லிச் சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கே தூணே கிடையாது.

படத்தில் ஒரு குதிரைக்காரன், மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண். அவன் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று பாடுவான். குதிரைக்குத் தண்ணீர் காட்டினாலும் பாட்டு, கோபம் வந்தாலும் பாட்டு. “சீமைக்காரனுக்குக்கூட வாய் இருக்கு” என்றாள் அத்தை, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கிற மாதிரி. பிறகு சர்ச்சில் மணியடித்துக் கல்யாணம் நடந்தது. முத்தம் வந்தபோது அம்மா என் கண்ணைப் பொத்தினாள். அப்புறம் ‘தி எண்ட்’ என்று எழுத்து விழுந்தது, எல்லோரும் சேலையை உதறிக்கொண்டு எழுந்தோம்.

படம் நிற்கவில்லை.

ரீல் பெட்டிகள் இடம் மாறி, கடைசி ரீல் முன்னால் ஓடிவிட்டிருக்கிறது. அது அப்போது யாருக்குத் தெரியும்? இப்போதுதான் மாலை மாற்றியவர்கள் மறுபடி சண்டை போட்டார்கள். அவன் விரலை நீட்டி என்னவோ சொன்னான். அவள் அழுதுகொண்டே பெட்டியை வண்டியில் ஏற்றிப் போயே போய்விட்டாள். அவன் வேலியோரம் தனியாக நின்றான். விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

“வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்யா. கல்யாணத்துக்குப் பெறகு நடக்குறதையும் மறைக்காமக் காட்டிட்டான்” என்று ஆண்கள் பக்கம் ஒரு பெரியவர் சொல்ல, கொட்டகையே சிரித்தது.

அத்தை சிரிக்கவில்லை. ஆப்பரேட்டர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தினாள். “போனவளக் கூட்டியாராம என்னய்யா படம் போடுறீக?”

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பாதிப் பேர் பஜார்க்காரர்கள். அவள் யார், எதற்காக அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். “உக்காருத்தா, ஊரே பாக்குது” என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அத்தை உட்காரவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ‘ணங்’ என்றது.

மாமா எழுந்து நின்றார். தலையைக் குனிந்துகொண்டு, வாளியின் அடியில் தாளம் போட்டு, “ஓட்ட வாளி ஒழுகும் வாளி” என்று ஆரம்பித்தார். மை போடாமல் கிறீச்சிடும் வண்டிச் சக்கரம் மாதிரிக் குரல். இரண்டாம் அடியிலேயே ராகம் எங்கோ போய்விட்டது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். காது வரை சிவந்துபோயும் அவர் நிறுத்தவில்லை. நாலு வியாபாரிகள் சிரித்ததற்கே மானம் போனதென்று கொதித்த மனிதர், ஒரு கொட்டகை ஜனத்துக்கு முன்னால் கடைசி அடி வரை பாடி முடித்தார்.

“ஒன்ஸ்மோர்!” என்று யாரோ கத்தினார்கள். நாடகத்தில் நல்ல பாட்டுக்குக் கேட்பார்களே, அதேபோல. கூட்டம் முழுவதும் பிடித்துக்கொண்டது. “ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!”

மாமா அப்போதுதான் அத்தையை நிமிர்ந்து பார்த்தார். “எனக்கு இம்புட்டுத்தான் வரும். நீ பாடுத்தா.”

அத்தை பாடினாள். அழுகையும் சிரிப்புமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாடினாள். மாமா வாளியைத் தட்டினார், ஜனம் கை தட்டியது, விசில் பறந்தது. தப்பைக் கண்டுபிடித்துவிட்ட ஆப்பரேட்டர் கல்யாண ரீலை மறுபடி ஓட்டினார். சர்ச் மணி அடித்தது. சேர வேண்டியவர்கள் இரண்டு பேரும் திரையைப் பார்க்கவே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம், நின்ற இடத்திலேயே குதித்தேன்.

அன்று சாயங்காலமே பரளச்சி பஸ்ஸில் அத்தை பெட்டியோடு ஏறினாள். அப்பா ஒரு சிப்பம் வெல்லம் கட்டிக் கொடுத்தார். பஸ் திருப்பத்தில் மறையும்வரை பாட்டுச் சத்தம் கேட்டது.

ரீல் மாறியதால்தான் அத்தையும் மாமாவும் சேர்ந்தார்கள் என்று பல வருஷம் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். மாமாவிடமே சொல்லியிருக்கிறேன். அவர் வழக்கம்போலத் தலையாட்டினார்.

எனக்கும் கல்யாணமாகி, ஒருநாள் கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது கை அப்படியே நின்றது. ரீல் மாறுவதற்கு முன்பே, படமே ஆரம்பிப்பதற்கு முன்பே, அந்தப் புது வாளி மாமா கையில் இருந்ததே! காலையில் கடைத்தெருவில் அதை வாங்கிவிட்டு, எங்கள் வீட்டுப் படியேறத் தைரியம் இல்லாமல், நாங்கள் தியேட்டருக்குப் போவதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார். சினிமா பார்க்க வருகிற மனிதர் எதற்கு வாளியோடு வருகிறார் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.