ஸ்பீக்கரில் பூசிய தார்

போன வாரம், பிரதமர் காலமான செய்தி வந்த காலை. செஞ்சி கடைத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பினேன். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். ரேடியோ பக்கத்தில் என் நைனா... ஸ்பீக்கர் பெட்டி மேல் ஒரு கையை வைத்து, மறு கையால் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்!

"வாடா. இன்னா விசேசம் இன்னிக்கி? காலைலேர்ந்து வெறும் வீணையா வாசிக்கிறான். ஷோக்கா இருக்குது."

நாட்டின் துக்கத்துக்கு வாசித்த வீணை அது. அதற்குத் தாளம் போட்டவர் மேல் குற்றமில்லை. குற்றம் என்னுடையது.

நைனா அவலூர்பேட்டையில் ஒரு ரைஸ் மில்லில் இருபத்தைந்து வருஷம் எஞ்சின் ஓட்டியவர். எஞ்சின் அவர் காதைத் தின்றுவிட்டது. இடி கேட்கும், பேச்சு கேட்காது. ரேடியோவின் சின்ன ஸ்பீக்கர் அவருக்குப் போதவில்லை. விடுவேனா நான்? மெட்ராஸிலிருந்து எட்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்று வாங்கிவந்து, பலகையில் பெட்டி அடித்து, ரேடியோவோடு ஒயர் இழுத்து இணைத்தேன். முதல் நாளே செய்தியை ஒரு சொல் விடாமல் கேட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரமெல்லாம் செய்தியோடு சண்டைதான். "பொய் சொல்றான்டா இவன்!"

பெட்டிக்கு முன்னால் நான் துணி கட்டவில்லை. என் கைவேலை நாலு பேர் கண்ணில் பட வேண்டாமா? கறுப்புக் காகிதக் கூம்பு. அதன் நடுவில், கரண்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு காகிதக் குமிழ். குமிழின் மேல் கம்பெனி முத்திரை — தங்க நிறத்தில், இந்தி எழுத்தில்.

போன வருஷம் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் காலேஜ்களை மூடினார்களே, அப்போதுதான் அந்த முத்திரை உறுத்தத் தொடங்கியது. ஊரில் போர்டு போர்டாகத் தார் பூசியவர்களில் நானும் ஒருவன். கூடவே பூசிய சிநேகிதன் தனபால் ஒருநாள் வீட்டுக்கு வந்தான். பெட்டியைப் பார்த்தான். சிரித்தான்.

"இன்னா தலைவரே... ரோட்டுல தமிழு, ஊட்டுல இந்தி எழுத்தா?"

எனக்கு முகம் சுட்டது. கறுப்புக் காகிதத்தை வட்டமாக வெட்டி முத்திரை மேல் ஒட்டிப் பார்த்தேன். பாட்டு வைத்ததும் கிர்ர்... என்று அதிர்ந்தது. பிய்த்துப் போட்டேன். தனபாலின் டப்பாவில் தார் மிச்சமிருந்தது. மண்ணெண்ணெய் விட்டு இளக்கிக் குமிழ் மேல் இரண்டு பூச்சு! முத்திரை போயே போய்விட்டது. தார் கூம்பிலும் கொஞ்சம் ஊறி இறங்கியது.

காய்ந்தபின் மறுபடி பாட்டு வைத்தோம். குரல் கனத்திருந்தது. "கம்பீரமா இருக்குதுடா!" என்றான் தனபால். எனக்கும் அப்படித்தான் பட்டது. நைனாவைக் கேட்டேன். பெட்டி மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது" என்றார்.

அதன்பிறகு அவர் செய்தியோடு சண்டை போடவே இல்லை. வயசாகிறது, அடங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எல்லையில் யுத்தம் நடந்தபோது நான் ஓடி ஓடி வந்து சேதி சொல்வேன், தலையாட்டுவார். ரேடியோவிலேயே கேட்டிருப்பார் என்றுதான் எண்ணம். ஒரு தடவையாவது விசாரித்தேனா? இல்லை. என் காது நல்ல காதாயிற்றே!

அன்று காலை அவர் காதோரம் குனிந்து கத்தினேன். "நைனா, பிரதமர் செத்துட்டாரு! ராத்திரியே!"

கை தொடையிலேயே நின்றுவிட்டது.

"ரேடியோல சொன்னானா?"

"காலைலேர்ந்து சொல்றான். கேக்கலியா?"

"மொணமொணன்னு இருந்திச்சு. வீணைதான் கையில தட்டுச்சு."

"எத்தினி நாளா இப்படி?"

"நீ கருப்பு அடிச்சியே, அதுலேர்ந்து."

"ஏன் நைனா சொல்லல?"

"ஆசையா அடிச்ச. சொன்னா மறுபடியும் நோண்டுவ, இருக்கறதும் பூடும்னு வுட்டுட்டேன்." பிறகு வாசலைப் பார்த்தார். "கதவு தொறந்துதான் கெடந்துச்சு. தெருவுல போனவன்லாம் பாத்திருப்பான். எழவுக்குத் தாளம் போடறான் பாருன்னு சொல்லியிருப்பானுங்க..."

அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பிளேடை எடுத்தேன். குமிழைச் சுற்றி வெட்டினேன். கூம்பில் ஊறியிருந்ததைக் கிழியாமல் சுரண்டினேன். வெட்டிய குமிழைக் கையில் வைத்தால் கல் மாதிரி இருந்தது. ஒரு காகிதம் அத்தனை கனக்கலாமா? பேச்சின் கூர்மையெல்லாம் அந்தக் காகிதத்தின் துடிப்பில் அல்லவா இருக்கிறது? அதைத்தான் ஒரு வருஷமாக அமுக்கிப் பிடித்திருந்தேன்.

என் கொள்கை இன்றும் மாறவில்லை. ஆனால் போர்டு பேசாது, ஸ்பீக்கர் பேசும். இந்த வித்தியாசம் தெரியாதவன் கையில் தார் டப்பா எதற்கு?

பழைய வேட்டித் துண்டு ஒன்றைக் கஞ்சியில் நனைத்து, கரண்டியின் முதுகில் போர்த்தி வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் விறைத்துவிட்டது. வட்டமாக நறுக்கி ஒட்டினேன். வெள்ளைக் குமிழ். எந்த எழுத்தும் இல்லை.

சாயங்காலச் செய்தி. இந்தத் தடவை நைனா பெட்டி மேல் கை வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். வாசிப்பவர் ஆரம்பித்தார். கூடவே நைனாவின் உதடும் அசைந்தது. செய்தி முடிவதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இந்தாமே, கேட்டியா? நாளைக்கு டில்லியில எடுக்கறாங்களாம்!"

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "அப்படியா? எப்ப சொன்னான்?" என்றாள்.

அம்மாவுக்கு அது மத்தியானமே தெரியும்.