அடுத்த அறையில் கிடந்த கடிதங்கள்

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் நான் காரைக்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே நான் செய்த ஒரு தவறை உங்களிடம் சொல்ல வேண்டும்.

அரியக்குடியிலிருந்து ஓர் ஆச்சி இமெயில் அனுப்ப வருவார். சின்ன வயதுதான்; செட்டிநாட்டில் மணமான பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்போம். கணவர் மலேசியாவில். ஒருநாள் "நானும் அங்க வந்துரட்டுமா?" என்று கேட்டு அவருக்கு எழுதினார். உடனே திரையில் 'கடிதம் கிடைத்தது' என்று வந்தது.

"சேர்ந்துருச்சு ஆச்சி" என்றேன்.

பதில் வரவில்லை. இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று கடிதம் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் அதே வரி வந்தது, நானும் அதையே சொன்னேன்.

"படிச்சிட்டும் பேசாம இருக்காகளே" என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகுதான் கண்டுபிடித்தேன். மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக, கடிதங்களை வெளியே அனுப்பும் சர்வருக்குப் பதிலாக, அடுத்த அறையில் இருந்த எங்கள் பயிற்சி சர்வரின் பெயரைக் கொடுத்திருந்தேன். திருப்பி மாற்ற மறந்துவிட்டேன். நான்கு கடிதமும் அடுத்த அறையைத் தாண்டவில்லை. 'கிடைத்தது' என்று சொன்னதும் அந்த இயந்திரம்தான்.

மறுநாள் அவர் வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.

"அப்ப அவுக ஒண்ணுமே படிக்கலையா?" முகம் மலர்ந்துவிட்டது. "மொதக் கடுதாசிய மட்டும் அனுப்புங்கண்ணே. மத்த மூணையும் அழிச்சிருங்க. ரொம்பக் கோவமா எழுதிட்டேன்."

சர்வர் பெயரை இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். இந்தத் தடவை திரையில் எதுவும் வரவில்லை.

"சேர்ந்துருச்சா?"

"தெரியலை ஆச்சி."

ஆறுதலுக்காகக்கூடத் தெரியாததைச் சொல்லக் கூடாது என்று அன்று எனக்குப் புரிந்தது. அவர் தலையாட்டிவிட்டு, பதிலுக்காக அங்கேயே உட்கார்ந்துகொண்டார். நானும் பக்கத்தில் காத்திருந்தேன்.