எளிது என்ற கட்டம்

மூன்று நாளாக என் பழைய மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டுப் புகைப்படங்களை அடுக்கி வைக்க ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதன் மூலநிரலையே திறந்து வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம் என்று மகள் இணைப்பு அனுப்பியிருந்தாள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் நிறுவும் சிரமத்தை ஐந்துக்கு இத்தனை என்று போட்டிருந்தார்கள். என்னுடையதற்கு ஒன்று. அதாவது குழந்தைகூடச் செய்துவிடும். நானோ கணினிப் பிரிவுக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். கறுப்புத் திரையில் அது கேட்கும் கேள்விக்கு இன்னும் பதில் தெரியவில்லை. இதற்கு ஒன்று போட்ட புண்ணியவான் யார் என்று வாய்விட்டே திட்டினேன்.

திட்டிக்கொண்டிருந்தபோது, சூடேறிய கணினியின் வயிற்றிலிருந்து வெந்த தூசியும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வந்தது. வாய் தானாக அடங்கிவிட்டது. அப்படி மதிப்பெண் போட்ட ஆள் ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கும் இதே வாசனைதான். கல்வராயன் மலைப் பள்ளிகளுக்குக் கணினி கொடுப்பதென்று முடிவானபோது, எந்த இயங்குதளம் போடலாம் என்று என்னைக் கேட்டார்கள். திறந்த மூலநிரல் உள்ள ஒன்றைச் சிபாரிசு செய்தேன். குறிப்பு நாலு பக்கம், பின்னிணைப்பு இரண்டு. அந்த நாட்களில் நானும் பக்கத்து மேசை நண்பரும் மென்பொருள்களை டீக்கணக்கில்தான் மதிப்பிடுவோம். நிறுவி முடிப்பதற்குள் இரண்டு டீ குடித்தால் அது இரண்டு டீ மென்பொருள். ஏழு டீ வரை போனதும் உண்டு. என் சிபாரிசு, உங்களிடம் சொல்வதற்கென்ன, நாலு டீ. ஆனால் அலுவலகப் படிவத்தில் டீக்கு இடமில்லை. எளிது, நடுத்தரம், கடினம் என்ற கட்டங்கள்தான் இருந்தன. பயன்படுத்தப்போகிறவரே நிறுவ வேண்டும், அலுவலர் கை வைக்காமல் பார்த்து டிக் செய்ய வேண்டும். அந்த விதியை வரைந்து கொடுத்தவனும் நானே.

வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்குப் போனேன். நிறுவப்போகிறவர் பழனியம்மாள். அந்த மலைக்காரப் பெண், கணினியில் பட்டயம் படித்தவர், மூன்று மாதத் தற்காலிகப் பயிற்றுநர். சங்கராபுரத்திலிருந்து தினமும் வண்டியில் மலையேறி வரும் தலைமையாசிரியர் என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போனார்.

"சார், கஷ்டம்னு போட்டீங்கன்னா மலைக்குன்னு ஒரு ஆளு வேணும்னு ஆயிடும். இந்தப் பொண்ணையே வச்சிக்கலாம். ஈசின்னு போட்டா ஒரு புக்கு குடுத்துட்டு இந்தப் பொண்ண வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"விதிப்படி பாத்துக்கலாம் சார்" என்றேன். விதி என்று சொல்லும்போது என் குரலுக்குத் தனிக் கம்பீரம் வரும்.

பழனியம்மாள் மூன்று திரைகளைத் தாண்டினார். நாலாவது, கணினிக்குள் இருக்கும் சேமிப்பு வட்டை எத்தனை பகுதியாகப் பிரிப்பது என்று ஆங்கிலத்தில் கேட்டது. அவர் திரும்பத் திரும்பப் படித்தார். கையேட்டைப் புரட்டினார். கையேட்டில் அந்தத் திரை இல்லை. கையேட்டை எழுதியவன் யார் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அதற்குள் மதிய மணி அடித்துவிட்டது. அவர் தூக்குவாளியைத் திறந்தார்.

"சாப்புடுங்க சார். சாமை அரிசிச் சோறுதாங்க."

"பரவால்லம்மா" என்றேன். காலையில் இரண்டு இட்லியோடு மலையேறியவனுக்குப் பசி காதை அடைத்தது. அவர் மறுபேச்சில்லாமல் தட்டு வைத்துப் பரிமாறினார்.

"இன்னா சார், பரவால்ல பரவால்லன்னு சொல்லிக்கினே ரெண்டு தட்டு ஆயிடுச்சி" என்று தலைமையாசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சாப்பிட்ட பிறகும் நாலாவது திரை அப்படியே நின்றது. மூன்று மணிப் பேருந்தை விட்டால் மலையிலேயே மாட்டிக்கொள்வேன். பழனியம்மாளை நகரச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் முடித்தேன். பிறகு பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு கேட்டேன்.

"இன்னாம்மா, கஷ்டமா இருந்துச்சா?"

அவர் என் பேனாவைப் பார்த்தார்.

"பரவால்லைங்க சார்."

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா. பேருந்தில் கால் மிதிபட்டவரும் அதைத்தான் சொல்வார். ஒரு மணி நேரம் முன்பு நான் சொன்னபோது அவருக்குப் புரிந்தது, சோறு போட்டார். அவர் சொன்னபோது எனக்கும் புரிந்தது, எளிது என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கடினம் என்று போட்டால் சிபாரிசு செய்தவனை நாலு பேர் கேள்வி கேட்பார்கள். பின்பக்கத்தில் பயன்படுத்துபவரின் கருத்தை எழுதித் தரச் சொன்னேன், விதிப்படி. எழுதித் தந்ததைத் திருப்பிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினேன்.

மலைப் பள்ளிகளுக்குக் கணினிகளோடு குறுந்தகடும் என் கையேடும் போயின, நிறுவ ஆள் போகவில்லை. பழனியம்மாளின் மூன்று மாதம் நீளவில்லை. அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் தொலைபேசியில் பேசினார். "நீங்க போட்டது ஒண்ணுதான் ஓடுது சார். மீதியெல்லாம் அட்டப்பொட்டிலயே இருக்குதுங்க. அந்தப் பொண்ணு திருப்பூரு பனியன் கம்பெனிக்குப் போயிடுச்சி."

"எழுதி அனுப்புங்க சார்" என்றேன்.

அந்த இயங்குதளத்தின் அந்தப் பதிப்பு இன்று எங்கும் கிடைக்காது. குறுந்தகட்டைச் செருக வாயுள்ள கணினியும் அநேகமாகக் கிடையாது. டீக்கணக்கு நண்பர் காலமாகிவிட்டார். படிவம் மட்டும் நான் ஓய்வு பெறும் மாதம் வரை இருந்தது. காலம் முடிந்த கோப்புகளை அழிக்கும் பட்டியலில் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். கோப்பைப் புரட்டியபோது, அன்றைக்குத்தான் முதல்முறையாக, அந்தத் தாளின் பின்பக்கத்தைப் பார்த்தேன். குண்டுகுண்டான எழுத்து.

"நாலாவது திரையில் எனக்குப் புரியவில்லை. சார் செய்து கொடுத்தார். சார் போன பிறகு மற்ற கணினிகளுக்கு யார் செய்வது?"

அழிக்கும் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து வைக்க வழி உண்டு. காரணம் எழுதிக் கையெழுத்திட்டால் போதும். காரணம் என்ன எழுதுவது என்று சற்று நேரம் யோசித்தேன். பிறகு தாளைக் கோப்பிலேயே வைத்து, கோப்பைச் சாக்கில் போட்டு, சாக்கின் வாயைத் தைக்கச் சொன்னேன்.