சாம்பல் இருந்த கண்ணாடிக் கூடு

என் மேசையில் பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்று இருக்கிறது. மேல்தோல் உரிந்து, கீல் தளர்ந்து போனது. அது என் முதலாளியுடையது. காக்ஸ் டவுனில் அவருடைய கண்ணாடிக் கடையில் இருபது வருடம் வேலை பார்த்தேன். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றவர், இந்தக் கூட்டில் மட்டும் கண்ணாடி வைத்ததில்லை. அவர் மனைவியின் சாம்பல் அதில் ஒரு பிடி இருந்தது.

முதலாளி யூதர். காக்ஸ் டவுன் இருக்கும் கண்டோன்மெண்டிலேயே பிறந்து வளர்ந்ததால் எங்களோடு எங்கள் தமிழிலேயே பேசுவார். சாமி, பூதம் எதையும் நம்பாதவர். அவர்களுடைய பெரிய நோன்பு நாளன்று கடையைத் திறந்துவைத்து, என்னை அனுப்பி வடை வாங்கிவரச் செய்து சாப்பிடுவார். என் வீட்டுக் கிறிஸ்துமஸ் கேக்கையும் விடமாட்டார். மனைவி கோலார் தங்கவயல் தமிழ்ப் பெண், இந்து. செத்த பிறகும் கணவர் பக்கத்திலேயே படுக்க வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. அந்த அம்மா இறந்த அன்று, எந்தக் கோயில் வாசலையும் மிதிக்காத முதலாளி யூதர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், தன் பெற்றோர் அருகில் இடம் கேட்டு நின்றார். யூதர்களை மட்டுமே அங்கே புதைக்க முடியும் என்று பொறுப்பிலிருந்த பெரியவர் தணிந்த குரலில் சொல்லிவிட்டார். அந்த அம்மாவை எரித்தோம்.

“அவளுக்கு இல்லாத மண்ணு எனக்கு எதுக்கு?” என்றார் முதலாளி. பிறகு அதையே எழுதி என்னிடம் கொடுத்தார். தன்னையும் எரித்துவிட வேண்டும், ஜெபம் கூடாது. பிள்ளையில்லாதவர், என்னை நம்பினார்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். பொழுது சாய்ந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குள் அடக்கம் முடிய வேண்டும் என்று அவருடைய அக்கா ஏற்பாடுகளைத் தொடங்கியிருந்தார். ஒருநாளும் ஜெபம் தவறாதவர் அவர். எரிப்பது அவர்கள் மார்க்கத்தில் பெரும் பாவம். ஆனாலும் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன்.

இரண்டு முறை படித்தார்.

“அவளுக்கு இடமில்லன்னப்ப நானும் வாயத் தொறக்கல. அந்தக் கோவத்துலதான் எழுதியிருக்கான்,” என்றார். கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு, “அவ சாம்பல் கடையிலதானே இருக்கு? எடுத்துட்டு வாம்மா,” என்றார்.

கூட்டை எடுத்துக்கொண்டு வரும் வழியில், எங்கள் வழக்கப்படி மல்லிகைச் சரமும் வாங்கிக்கொண்டேன். யூதர் கல்லறையில் பூ வைப்பதில்லை என்று எனக்குத் தெரியாது. பெரியவர் சொன்னதும் சரத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். வெறும் வெள்ளைத் துணி சுற்றி முதலாளியைக் குழிக்குள் இறக்கினார்கள். ஒவ்வொருவராக மண் போட்டோம். அக்காவின் முறை வந்தபோது அவர் கூட்டைத் திறந்தார். பெரியவர் ஜெபத்தை நிறுத்திவிட்டு அவர் கையைப் பார்த்தார்.

“இதுவும் மண்ணுதாங்க,” என்றார் அக்கா.

பெரியவர் முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். அக்கா சாம்பலைத் தம்பியின் மேல் தூவினார்.

முதலாளி எழுதிக் கொடுத்ததை நான் நிறைவேற்றவில்லை. அந்த உறுத்தல் இன்னும் இருக்கிறது. எழுதுவதற்கு முன்னால் மனைவிக்காக அவர் கேட்ட இடம் கிடைத்துவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். காலிக் கூட்டை அக்கா என்னிடமே தந்துவிட்டார். எனக்கும் இப்போது கண்ணாடி வந்துவிட்டது. ஆனால் கூட்டின் மடிப்பில் கொஞ்சம் சாம்பல் ஒட்டியிருக்கிறது. துடைக்க மனம் வராமல், கண்ணாடியை வெளியேதான் வைக்கிறேன்.